ரெண்டு கல்விக் கடனையும் ஒண்ணா சேர்க்கலாமா? பாண்டி பிராஞ்ச்ல டேக்ஓவர் பண்ண (கடன வேற பேங்க்குக்கு மாத்துன) அனுபவம், 5க்கு 3

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், 5க்கு 3. வட்டிக்கு 4, லோன் டெஸ்க்ல இருந்த மேடத்துக்கு 5, மத்த எல்லாத்துக்கும் சேர்த்து 1, கூட்டி வகுத்தா மூணு சொச்சம் வருது. பேங்க் பேரு போடல, ஏன்னா இதுல பாதி திட்டு, அதுவும் அந்த பிராஞ்ச் மேல உள்ள திட்டுதானே தவிர பேங்க் முழுக்க இப்படியான்னு எனக்கு தெரியாது. பாண்டி 100 அடி ரோடு பக்கம் இருக்குற ஒரு பொதுத்துறை பேங்க், அவ்ளோதான்.

எங்க கதை என்னன்னா எனக்கு ரெண்டு லோன். ஒண்ணு பிஇ படிக்க 2016ல கடலூர்ல ஒரு பேங்க்ல வாங்குன 3 லட்சத்து 60 ஆயிரம். அப்பா ஓல்டு டவுன்ல வலை, கயிறு விக்கிற சின்ன கடைதான் வெச்சிருக்கார், வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்ததால தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட் குடுத்து மத்திய அரசு வட்டி மானியம் கெடச்சுது, அதனால படிச்ச காலத்து வட்டி எங்க தலையில ஏறல. இன்னொண்ணு எம்பிஏவுக்கு 2020ல ஒரு பைனான்ஸ் கம்பெனியில, அதாவது பேங்க் கிடையாது, என்பிஎஃப்சி, வாங்குன 7 லட்சம், வட்டி 13%. கொரோனா நேரம், பேங்க்ல இழுத்துக்கிட்டே இருந்தாங்க, காலேஜ்ல பீஸ் கட்ட கடைசி தேதி சொல்லிட்டாங்க, இவங்க நாலே நாள்ல குடுத்துட்டாங்க. ஆனா கோ-அப்ளிகண்ட்டா, அதாவது கடனுக்கு கூட பொறுப்பேத்துக்கிற ஆளா, நெய்வேலியில இருக்குற தாய்மாமா கையெழுத்து கேட்டாங்க, அவரும் ஒரு வார்த்தை கேக்காம போட்டுட்டார்.

இப்ப கூத்த பாருங்க. 7 லட்சம் வாங்குனது, படிச்சு முடிச்சு கட்ட ஆரம்பிக்கும்போது வட்டி சேர்ந்து 8 லட்சத்து 65 ஆயிரமா நின்னுச்சு. மாசம் 12,916 ஈஎம்ஐ. மூணு வருஷம் ஒரு மாசம் கூட தவறாம கட்டினேன், மொத்தம் 4 லட்சத்து 65 ஆயிரம் கட்டியிருக்கேன், பாக்கி எவ்ளோ தெரியுமா, 7 லட்சத்து 10 ஆயிரம். வாங்குன காசே அப்படியே நிக்குது! ஸ்டேட்மென்ட்ட பாத்துட்டு அன்னிக்கு சாப்பாடு எறங்கல.

இது தவிர பிஇ லோன் பாக்கி 1 லட்சத்து 80 ஆயிரம், இன்னும் 40 மாசம், ஈஎம்ஐ 5,247. ரெண்டும் சேர்த்து 18,163. என் சம்பளம் 42,000, பாண்டியில வேலை, தெனம் கடலூர்லேந்து பஸ். அஞ்சாம் தேதி ஒண்ணு, பத்தாம் தேதி ஒண்ணுன்னு போனா பதினொண்ணாம் தேதி அக்கவுன்ட் காத்தாடும்.

சரி, போகட்டும்னு கட்டிக்கிட்டேதான் இருந்திருப்பேன், மாமா போன் பண்ணலன்னா. அவர் வீடு கட்ட லோன் கேட்டு போயிருக்கார், அவரோட சிபில்ல, அதாவது கடன் வரலாறு ரிப்போர்ட்ல, என்னோட 7 லட்சம் அவர் கடன் மாதிரியே காட்டுது, அதை கழிச்சுட்டுதான் உங்களுக்கு எவ்ளோ குடுக்கலாம்னு பாப்போம்னு சொல்லிட்டாங்களாம். அவர் கோவமா எல்லாம் சொல்லல, "பாப்பா, முடிஞ்சா பாரும்மா, இல்லன்னா பரவால்ல"ன்னுதான் சொன்னார், அந்த பரவால்லதான் தூங்க விடல.

யூடியூப்ல ஸ்டூடன்ட் லோன் கன்சாலிடேஷன்னு தேடினா வர்றதெல்லாம் அமெரிக்கா வீடியோ. தயவுசெஞ்சு அதை பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. அங்க அரசாங்கமே பழைய ஃபெடரல் லோன்களை ஒண்ணா சேர்த்து குடுக்குது, ஆனா வட்டி குறையாது, பழைய வட்டிகளோட சராசரிய கடன் தொகைக்கு ஏத்தமாதிரி போட்டு, அதையும் எட்டுல ஒரு பங்கு சதவீதத்துக்கு மேல்பக்கமா ரவுண்டு பண்ணிடுவாங்க. வட்டி குறையணும்னா தனியார்கிட்ட ரீஃபைனான்ஸ் போகணும், போனா அரசாங்க லோனுக்கு உள்ள சலுகையெல்லாம் போயிடும். நம்ம ஊர்ல அந்த மாதிரி அரசாங்க சேர்ப்பு திட்டம் எதுவும் இல்ல, இங்க இருக்குறது டேக்ஓவர், அதாவது புது பேங்க் பழைய கடன்காரனுக்கு காச கட்டி உங்க கடன தன் பேருக்கு மாத்திக்கும். ரெண்டு லோன் இருந்தா ரெண்டையும் ஒரே கணக்கா எடுத்துக்குவாங்க, இல்ல ஒண்ண மட்டும் எடுப்பாங்க. இந்த "ஒண்ண மட்டும்"தான் இந்த ரிவியூல முக்கியமான விஷயம்.

மொதல்ல வந்தது ஒரு ஏஜென்ட் கால். நெட்ல எங்கயோ நம்பர் போட்டேன், பத்து நிமிஷத்துல போன். பேச்சு தேன். "மேடம் ரெண்டையும் சேர்த்து 8 லட்சத்து 90 ஆயிரம், 9.5% வட்டி, பத்து வருஷம், ஒரே ஈஎம்ஐ 11,516, மாசம் உங்களுக்கு 6,647 ரூபா மிச்சம்"னார். அப்பாகிட்ட ஸ்பீக்கர்ல போட்டேன், அவரு "ஏன்மா இன்னும் யோசிக்கிற, சரின்னு சொல்லு"ங்கிறார். எனக்கும் ஆசைதான், 6,647 ரூபான்னா சும்மாவா.

ராத்திரி எக்செல் தொறந்து உக்காந்தேன். எம்பிஏ படிச்சதுக்கு அன்னிக்குத்தான் ஒரு பலன். இப்ப இருக்குற மாதிரியே ரெண்டு லோனையும் கட்டி முடிச்சா இனிமே போற வட்டி மொத்தம் சுமார் 4 லட்சத்து 5 ஆயிரம். அந்த ஏஜென்ட் சொன்ன மாதிரி சேர்த்து பத்து வருஷம் கட்டினா வட்டி மட்டும் 4 லட்சத்து 92 ஆயிரம். வட்டி விகிதம் 13லேந்து 9.5க்கு இறங்கியும் 87,000 அதிகமா கட்டுறேன்! ஏன்னா 40 மாசத்துல முடிய வேண்டிய சின்ன லோனையும் 84 மாசத்துல முடிய வேண்டிய பெரிய லோனையும் இழுத்து 120 மாசத்துல படுக்க வெச்சிட்டாங்க. இன்னொண்ணும் போட்டு பாத்தேன், பெரிய லோன மட்டும் 9.5%க்கு மாத்தி பத்து வருஷம் போனா ஈஎம்ஐ 9,187, கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அந்த லோனுக்கு வட்டி 3.75 லட்சத்துக்கு பதிலா 3.92 லட்சம். அதே லோன அதே மிச்சமிருக்குற 84 மாசத்துக்கே 9.5%ல வெச்சா? ஈஎம்ஐ 11,604, மாசம் வெறும் 1,312 ரூபாதான் குறையுது, ஆனா மொத்த வட்டி 2 லட்சத்து 65 ஆயிரம். 1 லட்சத்து 10 ஆயிரம் மிச்சம். காலைல எழுந்து அப்பாகிட்ட நோட்டுல எழுதி காட்டினேன், கடைக்காரர் இல்லையா, ரெண்டு நிமிஷத்துல புடிச்சிட்டார், "தவணைய நீட்டி தலைய மொட்டையடிக்கிறானுங்க"ன்னார்.

அடுத்து பேங்க் படலம். நான் கடலூர் ஆளு, வேலை பாண்டி. கடலூர் மஞ்சக்குப்பத்துல அந்த பேங்க்கோட பிராஞ்ச்ல போய் கேட்டா "உங்க சேலரி அக்கவுன்ட் பாண்டியில, அங்கயே போங்க"ன்னாங்க. பாண்டி பிராஞ்ச்ல போனா "ஆதார்ல அட்ரஸ் கடலூர், அது வேற ஸ்டேட்டு, உங்க சர்வீஸ் ஏரியா அங்கதான்"ன்னாங்க. ஆல்பேட்டை தாண்டுனா ஒரு கவர்மென்ட், கன்னியக்கோயில் தாண்டுனா இன்னொரு கவர்மென்ட், சரக்கு வாங்க மட்டும் எந்த சர்வீஸ் ஏரியாவும் கேக்க மாட்டேங்கிறாங்க. மூணாவது தடவை மரப்பாலத்துல எறங்கி போகும்போது "முடியாதுன்னா காரணத்த எழுதி குடுங்க சார், நான் மேல அனுப்பிக்கிறேன்"னு சொன்னேன், அதுக்கப்புறம்தான் உள்ள லோன் டெஸ்க்ல இருந்த மேடத்துகிட்ட அனுப்பினாங்க. இந்த வரிய மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க, பின்னாடியும் வருது.

அந்த மேடம் தங்கம். நாப்பது வயசு இருக்கும், கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு என் ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் முழுசா படிச்சாங்க. மொத கேள்வியே "ரெண்டையும் ஏம்மா சேர்க்கணும்?" அப்புறம் வெளக்கினாங்க, ரெண்டும் சேர்ந்தா 8.90 லட்சம், ஏழரை லட்சத்துக்கு மேல போச்சுன்னா இங்க சொத்து ஜாமீன் கேப்போம், பெரிய லோன் மட்டும்னா 7.10 லட்சம், சொத்து வேண்டாம், அப்பா கோ-அப்ளிகண்ட்டா கையெழுத்து போட்டா போதும், உங்க சம்பளமே தாங்கும்னு. எங்க வீடு இன்னும் தாத்தா பேர்ல, பெரியப்பா, அத்தைங்க எல்லாரும் கையெழுத்து போடணும், போதாக்குறைக்கு 2011 தானே புயல்ல பீரோவுக்குள்ள தண்ணி போய் பத்திரம் அப்பளம் மாதிரி ஒட்டிக்கிச்சு. சொத்து வெக்கணும்னா வில்லங்க சர்டிபிகேட், லீகல் ஒப்பீனியன், எம்ஓடி (பத்திரத்த அடமானமா குடுத்ததுக்கான) பதிவுன்னு அதுக்கொரு செலவு, அதுக்கு நாலு மாசம், நடுவுல ஒரு குடும்ப சண்டை. அந்த ஏஜென்ட் இதுல ஒரு வார்த்தை கூட சொல்லல.

(ஏற்கெனவே வீட்ட வெச்சு படிப்பு லோன் வாங்கினவங்களுக்கு ஒரு விஷயம், கடன் அடைச்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்த திருப்பி குடுக்கணும், லேட் பண்ணா நாளைக்கு 5,000 ரூபா அவங்க உங்களுக்கு குடுக்கணும்னு ஆர்பிஐ ரூல் இருக்கு, 2023 டிசம்பர் 1லேந்து. மாத்தும்போது தேதிய குறிச்சு வெச்சுக்கோங்க.)

பழைய பிஇ லோன பத்தியும் அந்த மேடம்தான் சொன்னாங்க, அதை தொடாதீங்க, 9.25%தான், நம்மகிட்ட வந்தா கால் பெர்சென்ட் ஏறும்னு. அந்த 9.25 எப்படி வந்துச்சுன்னு ஒரு குட்டி கதை இருக்கு. 2016ல வாங்குன லோன்றதால அது எம்சிஎல்ஆர்ல, அதாவது பேங்க் தானே கணக்கு போட்டு வெக்கிற அடிப்படை வட்டியில, ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2019 அக்டோபர் 1க்கு அப்புறம் பேங்க்குங்க தர்ற புது ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்குற) ரீடெயில் லோன் எல்லாம் ரெப்போ (ஆர்பிஐ பேங்க்குங்களுக்கு குடுக்குற கடனோட வட்டி) மாதிரி வெளி பெஞ்ச்மார்க்கோட கட்டியிருக்கணும்னு ரூல், பழைய ஆளுங்க கேட்டா மாத்தி தருவாங்க, கேக்கலன்னா மாத்த மாட்டாங்க. 2024ல ஃப்ரெண்ட் ஒருத்தி சொல்லி ஒரு பக்க லெட்டர் எழுதி குடுத்தேன், மாத்திட்டாங்க. 2025ல ரெப்போ 6.5லேந்து 5.25க்கு இறங்குச்சு, என் பிஇ லோன் வட்டியும் 10.5லேந்து 9.25க்கு தானா இறங்கிடுச்சு. அதே வருஷம் என்பிஎஃப்சி லோன்? அசையல, 13னா 13. அவங்களுக்கு அந்த ரெப்போ ரூல் கிடையாது, அவங்க சொந்தமா வெச்சிருக்குற ரேட்டுதான் அளவுகோல், ஏறும்போது ஓடும், இறங்கும்போது கால் வலிக்கும். நான் கடன மாத்த முடிவு பண்ணதுக்கு மாமாவுக்கு அடுத்தபடி காரணம் இதான்.

இனிமே வர்றது எல்லாம் அந்த 1 ஸ்டாருக்கான சமாச்சாரம்.

என்பிஎஃப்சிகிட்ட ஃபோர்குளோசர் லெட்டர், அதாவது மொத்தமா அடைக்க எவ்ளோ கட்டணும்னு காட்டுற லெட்டர், கேட்டேன். 2% முன்கூட்டி அடைக்கிற சார்ஜ், மேல ஜிஎஸ்டி, மொத்தம் 16,756ன்னு போட்டு அனுப்பினாங்க. லோன் குடுத்தப்ப வந்த சாங்ஷன் லெட்டர எடுத்து பாத்தா ஃப்ளோட்டிங் ரேட்னு கொட்ட எழுத்துல இருக்கு. தனி ஆளு வாங்குன ஃப்ளோட்டிங் ரேட் டெர்ம் லோனுக்கு முன்கூட்டி அடைச்சா அபராதம் வாங்கக்கூடாதுன்னு 2014லயே பேங்க், என்பிஎஃப்சி ரெண்டு பேருக்கும் ஆர்பிஐ சொல்லிடுச்சு. மெயில்ல சாங்ஷன் லெட்டர் பக்கத்த போட்டு, "எந்த ரூல்படி வாங்குறீங்கன்னு எழுதி குடுங்க"ன்னு கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சு "சிஸ்டம் எரர்"னு புது லெட்டர், சார்ஜ் பூஜ்யம். கேக்காம கட்டியிருந்தா அந்த எரர் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்க லோன் ஃபிக்ஸட் ரேட்டுன்னா இந்த பாயின்ட் ஓடாது, அதனால மொதல்ல லெட்டர படிங்க.

அந்த லெட்டருக்கு ஒரு வேலிடிட்டி உண்டு, தேதி தாண்டினா நாளுக்கு இவ்ளோன்னு வட்டி ஏறும், புதுசா லெட்டர் வாங்கணும். நம்ம பிராஞ்ச்ல மேனேஜர் லீவு, மொத லெட்டர் காலாவதி. ரெண்டாவது லெட்டர் வந்தப்ப சர்வர் டவுன், அதையும் தாண்டிடுமோன்னு வயித்துல புளிய கரைச்சுது, கடைசி நாள் சாயங்காலம் மூணே முக்காலுக்கு ஆர்டிஜிஎஸ்ல பணம் போச்சு.

போச்சா, நிம்மதின்னு இருந்தா அடுத்த அஞ்சாம் தேதி அடைச்ச லோனுக்கே 12,916 அக்கவுன்ட்லேந்து எடுத்துட்டாங்க. ஆட்டோ டெபிட் மேண்டேட்ட நான் கேன்சல் பண்ணல, லோன் முடிஞ்சா அதுவா நிக்கும்னு நெனச்சேன், என் தப்பும் இருக்கு. திருப்பி வர 19 நாள் ஆச்சு, அதுவும் 30 நாளுக்குள்ள பதில் வரலன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க், பைனான்ஸ் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கிறவர்) போவேன்னு மெயில் போட்ட மறுநாள்தான் அசைஞ்சாங்க. அந்த மாசம் பஸ் பாஸுக்கு அம்மாகிட்ட கடன் வாங்கினேன், வட்டி இல்லா கடன், ஆனா சொல்லிக்காட்டுற சார்ஜ் உண்டு.

பாண்டி பிராஞ்ச்லயும் ஒரு சில்மிஷம். கையெழுத்து போடுற அன்னிக்கு பக்கத்து சீட்ல டை கட்டின ஒரு தம்பி, "லோனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பல்சரி மேடம், ஒரே பிரீமியம் 14,000 சொச்சம், லோன்லயே சேர்த்துடலாம்"னார். அந்த மந்திரத்த சொன்னேன், "கம்பல்சரின்னு எழுதி குடுங்க". தம்பி சிரிச்சுட்டு ஃபார்ம உள்ள வெச்சிட்டார். இன்ஷூரன்ஸ் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லல, எனக்கு ஏதாவது ஆனா அப்பா தலையில விழும்தான், ஆனா அதுக்கு டெர்ம் பாலிசி தனியா எடுத்துக்கலாம், அந்த 14,000த்துக்கும் ஏழு வருஷம் வட்டி கட்டணும்னு என்ன தலையெழுத்து.

நல்லத சொல்லணும்னா கேஎஃப்எஸ்னு ஒரு தாள் குடுத்தாங்க, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட், 2024 அக்டோபர் 1லேந்து எல்லா ரீடெயில் லோனுக்கும் குடுத்தே ஆகணும். வட்டி, பிராசஸிங் பீஸ் எல்லாம் சேர்த்து உண்மையில வருஷத்துக்கு எத்தன சதவீதம் ஆகுதுன்னு ஏபிஆர்னு ஒரு எண் அதுல இருக்கும். என் லோனுக்கு வட்டி 9.5, பீஸ் ஜிஎஸ்டியோட 5,900, ஏபிஆர் 9.7 சொச்சம். ரெண்டு எடத்துல விசாரிக்கிறீங்கன்னா அந்த எண்ண மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, ஏஜென்ட் பேசுற தேனெல்லாம் வழிஞ்சு போயிடும்.

மொத்தம் பதினோரு வாரம், பிராஞ்ச்சுக்கு ஏழு தடவை, அதுல நாலு தடவை அரை நாள் லீவு. 1 லட்சத்து 10 ஆயிரம் மிச்சத்துல 5,900 பீஸும் இந்த லீவும் கழிச்சாலும் எனக்கு லாபம்தான். ஈஎம்ஐ 11,604தான்னாலும் நான் பழைய 12,916ஐயே கட்டுறதா எழுதி குடுத்திருக்கேன், அப்படி கட்டினா 84 மாசம் 73 மாசமா சுருங்குது.

ஆனா எல்லாருக்கும் இது லாபம்னு சொல்ல மாட்டேன். என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு, தம்பி இன்னும் காலேஜ் மூணாவது வருஷம், வட்டி மானியத்துல இருக்குற லோன், அதை மாத்தலாமான்னு கேட்டா. வேண்டவே வேண்டாம்னேன், மானியம் ஓடுற காலத்துல அந்த லோன தொடறது கைல இருக்குற சோத்த தட்டி விடுற மாதிரி. அதே மாதிரி இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் பாக்கின்னா விட்டுடுங்க, வட்டியில பெரும்பகுதி ஏற்கெனவே கட்டி முடிச்சிருப்பீங்க, பீஸுக்கும் அலைச்சலுக்கும் கட்டுப்படியாகாது. வரி விஷயத்துல 80ஈ கழிவுக்காக (படிப்பு லோன் வட்டிய வருமானத்துல கழிச்சுக்கறது) யோசிக்கிறவங்க பழைய ரெஜீம்ல இருந்தாதான் அது, நான் புது ரெஜீம், அதனால என் கணக்குல அதை சேர்க்கவே இல்ல. எங்க தெருவுல ஒரு அண்ணன் எலக்‌ஷன் வந்தா தள்ளுபடி வரும்னு ஆறு வருஷமா கட்டாம உக்காந்திருக்கார், அவருக்கு இப்ப பைக் லோன் கூட யாரும் தர மாட்டேங்கிறாங்க, அவர்கிட்ட எந்த பேங்க்கும் டேக்ஓவர்னு வாய தொறக்காது.

என்ஓசி, அதாவது பழைய கடன் முடிஞ்சுதுன்னு பைனான்ஸ் கம்பெனி குடுக்குற தாள், போன செவ்வாய்க்கிழமதான் கைக்கு வந்துச்சு, மாமாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். சிபில்ல மாற இன்னும் கொஞ்ச நாளாகும்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு போன் பண்ணார், வீட்டு லோனுக்கு அவரும் பாண்டி பிராஞ்ச்சுக்கே போறாராம். "அந்த மேடம் எந்த டெஸ்க்குன்னு சொல்லு பாப்பா, டை கட்டின பையன் எந்த பக்கம் உக்காந்திருப்பான்னும் சொல்லு, நான் அந்த பக்கம் திரும்பாமலே போயிட்டு வந்துடுறேன்."